அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள்

நாவலடிப்பேரியில் அம்மாக்கள் எல்லோரும் நிறுத்த முடியாமல் சமைக்கத் தொடங்கிய விஷயம் அந்த ஊருக்கே உறைப்பதற்கு ஒரு சாரல் காலம் முழுவதும் பிடித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நம்புவார்கள், ஆனால் இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

சொல்ல நிறைய இருக்கிறது என்று நினைத்தவள் ஒருத்திதான். பிரமநாயகத்துக்கும் உலகம்மாளுக்கும் ஒரே மகளான சண்முகவடிவு. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவள், விடுதியில் சாம்பார் தண்ணீராக இருந்தாலும் வார்டனிடம் அரை மணி நேரம் நியாயம் பேசக்கூடியவள். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்த பிறகுதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நடந்ததை ஆள் ஆளாகக் கேட்டுத் துண்டு துண்டாக அவள் சேர்த்துக்கொண்டது இப்படி.

ஊரில் தேவசகாயம் சார் என்பவர் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆங்கில டியூஷன் நடத்திவந்தார். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து என்ன படிக்கிறார்கள் என்று காதால் கேட்காமல் ஃபீஸ் கட்ட மாட்டோம் என்று தகப்பன்மார் ஒரு வருடம் வம்பு செய்ததால், கோயில் கொடைக்கு ரேடியோ செட் போடுகிறவரிடமிருந்து ஒரு பழைய கூம்பு ஸ்பீக்கரை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து நாள்தோறும் விளக்கு வைக்கிற நேரத்தில், பிள்ளைகள் கோரஸாக ஒப்பிக்கும் இங்கிலீஷ் நாலு தெருவுக்கும் கேட்டது. தகப்பன்மார் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். தாய்மார் அதை வைத்து நேரம் பார்த்தார்கள். பெயர் கேட்கிற பாடம் வந்தால் பால் காய்ச்சணும், கிழமைப் பாடம் வந்தால் உலை வைக்கணும்.

அந்த ஆனி மாதத்துச் சாயங்காலம் நடந்தது நிகழ்காலத் தொடர்வினைப் பாடம். "மதர் ஈஸ் குக்கிங். ஃபாதர் ஈஸ் ரீடிங் த நியூஸ்பேப்பர்." அதாவது அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இதைத் தவிர வேறு உதாரணத்தோடு ஓர் இலக்கணக் கைடு அச்சாகியிருந்தால் வடிவு அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளைகள் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கியது, கரண்ட் ஒரு முறை மங்கி ஒரு முறை பளீரென்று கூடியது, ஸ்பீக்கர் ஒரு கனைப்புக் கனைத்தது, அந்த இரண்டு வாக்கியமும் ஊருக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டன. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் எந்த ஓட்டை வழியாக வந்தது என்று யாராவது முதலில் ஆராய்ச்சி செய்வார்களா?

அப்பாக்களுக்கு நேர்ந்தது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் எழவில்லை. பேப்பரைப் பிடுங்கினால் கை அடுத்த பேப்பரைத் தேடியது. பேப்பர் இல்லாவிட்டால் வடை மடித்த தாளை, அதுவும் இல்லாவிட்டால் பீரோவுக்குள் விரித்திருந்த பழைய தாளை உருவி எடுத்துப் படித்தார்கள். கைநாட்டு வைக்கிற செல்லத்துரை கூடப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை ராகம் போட்டு வாசித்தார். மறுநாள் காலையில் அரிசி மண்டி திறக்கவில்லை, டீக்கடை பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஊரே ஒப்பாரி வைத்தது. ஆம்புலன்ஸ் வந்தது, தாசில்தார் வந்தார், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து பிரமநாயகத்தின் கண்ணுக்கு முன்னால் லத்தியை ஆட்டிப் பார்த்தார். தேவசகாயம் சாருக்குச் சட்டென்று புத்தியில் தட்டியது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அழைத்து வந்து மைக்குக்கு முன்னால் நிறுத்தி, "ஃபாதர் ஹாஸ் ஃபினிஷ்ட் ரீடிங் த நியூஸ்பேப்பர்" என்று, அப்பா படித்து முடித்துவிட்டார் என்று, விடாமல் சொல்ல வைத்தார். உச்சிப் பொழுதுக்குள் அத்தனை அப்பாக்களும் பேப்பரை மடித்துத் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார்கள். ஊர் வெடி போட்டது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் படைத்தார்கள்.

அந்தப் பொங்கலை வீட்டு அடுப்பிலேயே வைத்துக் கொடுத்தவர்கள் அம்மாக்கள். அவர்கள் முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அடுப்பை விட்டு நகரவே இல்லை. பேங்க்கில் வேலை பார்க்கிற மல்லிகா மேடம் முதல் பீடி சுற்றுகிற மாடத்தி வரை எல்லா அம்மாக்களும் நின்றுகொண்டே சமைத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டே கிண்டினார்கள், ஒரு பானையை இறக்கிய கை அடுத்த பானையை ஏற்றியது, சிலிண்டர் தீரவில்லை, அடுப்பு அணையவில்லை. பருப்பு தீர்ந்தால் முருங்கைக் கீரை, கீரை தீர்ந்தால் பப்பாளிக் காய், எது கைக்கு அகப்பட்டதோ அதை வதக்கினார்கள். இதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்குள் போனால் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். நேற்றும் அப்படித்தான், போன வருடமும் அப்படித்தான்.

பலகாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதை ஊர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் எல்லோரும் தின்றார்கள். இரண்டாவது வாரம் மிச்சத்தைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் நின்றன. ஊர்த் தலைவர் சங்கரபாண்டியன் 'வீட்டுச் சாப்பாடு, எந்நேரமும் கிடைக்கும்' என்று ஒரு பலகை அடித்து வைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுக்க வந்தார்கள். ஊருக்கு நல்ல பெயர் வந்தது. தாய்மையைப் பற்றிச் சங்கரபாண்டியன் கோயில் மைக்கில் பேசியபோது ஆண்கள் பலருக்குக் கண் கலங்கியது, அதைத் துடைத்துக்கொண்டு அதிரசம் சாப்பிட்டார்கள்.

வடிவு மட்டும் ரொம்ப ஒழுங்கா என்றால், இல்லை. அந்த வாரங்களில் அவள் விடுதியிலிருந்து நாள் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்தாள். உலகம்மாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சமைச்சிக்கிட்டு இருக்கேன்ட்டி, பொறவு பேசுதேன்" என்பாள். விடுதிக்குப் போன நாளிலிருந்து எத்தனை தடவை போன் செய்தாலும் அம்மா சொன்னது அதைத்தான். அதனால் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நேரில் வந்து, அடுப்படி வாசலில் பையைத் தோளில் மாட்டியபடி நின்று, திரும்பிப் பார்க்காத அம்மாவின் முதுகைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. ரவிக்கை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. அந்த உடம்பு பாதியாகியிருந்தது. வலது கை மட்டும் முழங்கையிலிருந்து விரல் வரை வீங்கி, வேறு யாருடைய கையோ போலக் கரண்டியைப் பிடித்திருந்தது.

"எம்மா, கொஞ்சம் இங்க வா."

"வாரேன், இத இறக்கிட்டு."

இறக்கினாள். அடுத்ததை ஏற்றினாள். வடிவு கையைப் பிடித்து இழுத்தாள். மலையை இழுத்தது போலிருந்தது. அடுப்பை அணைத்தாள், அது தானே எரிந்தது. உலகம்மாள் சிரித்தாள். "நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்ட்டி. விட மாட்டேங்கு. நீ தட்டைக் கழுவிட்டு உக்காரு."

வடிவு நடுவீட்டுக்கு ஓடினாள். பிரமநாயகம் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா, அம்மா எப்பமிருந்து இப்படி இருக்கா?"

"எப்படி?"

"நிறுத்தாம சமைச்சிக்கிட்டே!"

பிரமநாயகம் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். மனைவியை அடிக்காத, குடிக்காத, மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிற மனிதர் அவர். "எப்பமிருந்துன்னா..." என்று மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனதுலருந்துன்னு வையி" என்றார்.

டாக்டரை அழைத்து வந்தாள். அவர் அடுப்படியில் நின்றபடியே நாடி பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, முகம் சுருங்கி, வடிவைத் தனியே கூப்பிட்டு, "கொடை முடியிற வரைக்கும் இப்படியே நின்னாங்கன்னா இதயம் தாங்காதும்மா" என்றார். ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, போகும்போது ஒரு தூக்குச் சட்டி நிறைய மீன் குழம்பு வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா அடுப்பிலேயே செத்துப்போவாள். இது வடிவுக்கு இப்போது வெயில் போலத் தெரிந்தது. இதைச் சொன்னால் ஊர் உடனே எழுந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு வயது இருபத்துமூன்றுதான்.

அவள் டீக்கடையில் சண்டை போட்டாள், மண்டியில் சண்டை போட்டாள், கொடைக்குப் பந்தல் போடுகிறவர்களிடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள். கடைசியில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட வைத்தாள். கூட்டத்துக்கு எல்லா ஆண்களும் வந்தார்கள். பெண்கள் வரவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. அவர்கள் சுட்ட போண்டா மட்டும் இரண்டு அண்டாவில் வந்தது.

"அப்பாமாரை ஒரே பகல்ல எழுப்பிட்டீங்க," என்றாள் வடிவு. "தாசில்தார் வந்தாரு, போலீஸ் வந்துச்சு. அம்மாமாருக்கு ஒரு கான்ஸ்டபிள் கூட வரலியே, ஏன்? மைக்கு அங்கதான இருக்கு? பிள்ளைங்க அங்கதான இருக்காங்க? அவங்களும் முடிச்சிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சங்கரபாண்டியன் போண்டாவை விழுங்கிவிட்டு எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் வடிவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "தாயி, நீ படிச்ச பிள்ள. கோவப்படாம கேளு. எங்களை எழுப்புனதுக்குப் பொறவு என்னாச்சுன்னு உனக்குத் தெரியாது. எங்கள்ல ஒருத்தனாலயும் இப்பம் பேப்பர் படிக்க முடியல. தாளை விரிச்சா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓரத்துக்கு ஓடிருது. முடிஞ்சிட்டுன்னு சொன்னாரு சாரு, ஒரேயடியா முடிஞ்சே போச்சு. பேப்பர் போனா போவட்டும், போன்ல பாத்துக்கிடலாம். இவுங்க முடிச்சிட்டாங்கன்னு வையி..."

கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் தங்கள் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "செல்போன்ல ஆர்டர் போட்டா நம்ம ஊருக்கு வராதுலா" என்று கவலைப்பட்டான்.

"நீங்க சமைங்க!"

"பேச்சுக்குச் சொல்லுததா, நெசமாவா தாயி?" என்று செல்லத்துரை கேட்டார். கேலி செய்யவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

தேவசகாயம் சார் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். வாக்கியத்தோடு 'மெதுவாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் தாய்மாருக்கும் ஓய்வு, ஊருக்கும் சோறு. எல்லோரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே பிள்ளைகள் "மதர் ஈஸ் குக்கிங் ஸ்லோலி" என்று மைக்கில் சொன்னார்கள். நாலு தெருவிலும் கரண்டிகள் தேனுக்குள் விழுந்தது போல அசைந்தன. அடுப்பு மட்டும் தன் வேகத்திலேயே எரிந்தது. கருகல் வாடை ஊரைச் சூழ்ந்தது, மாடத்திக்குக் கையில் கொப்புளம் வெடித்தது, விலக்கில் நின்ற வேன்காரர்கள் சத்தம் போட்டார்கள். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சார் ஓடிப்போய்த் திருத்தத்தை வாபஸ் வாங்கினார்.

மறுநாள் மறுபடியும் கூட்டம், மறுபடியும் போண்டா. அதில்தான் யாரோ, யார் என்று வடிவு கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, சாதாரணமாகச் சொன்னான். "மதருக்குப் பதிலா சிஸ்டர்னு போட்டா என்ன? வயசுப் பிள்ளைக, தாங்கும்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அந்தக் கூடத்தில் இருந்த ஒரே பெண் அவள்தான்.

"நல்ல யோசனதான்," என்றார் சங்கரபாண்டியன் மெதுவாக. "வம்புக்குச் சொல்லல தாயி. உங்கம்மா மேல உனக்கு உசிருன்னு ஊருக்கே தெரியும். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பமே மைக்கப் போட்டிரலாம். இன்னைக்கே உலகம்மா மதினி அடுப்ப விட்டு வந்திருவா."

வடிவு வாயைத் திறந்தாள். எந்தக் கேள்விக்கும் பதில் சுருட்டி வைத்திருக்கிற வாய் அது. அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய கட்டுரை நினைவுக்கு வந்தது. நூலகத்தில் ஜன்னலோரமாக அவள் எப்போதும் உட்காருகிற இடம் நினைவுக்கு வந்தது. கையில் பாதி கடித்த போண்டா இருந்தது. அதைச் சுட்டது அம்மா என்பதும், இத்தனை சண்டைக்கு நடுவில் அதை எப்போது எடுத்தோம் என்பதே தெரியாமல் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்பதும் ஒன்றாகத் தெரிந்தது. அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. பாவம், சின்னப் பிள்ளை என்பது போலப் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். உலகம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"என்னட்டி, கூட்டம் முடிஞ்சிட்டா?"

"ம்."

"என்ன சொல்லுதாங்க?"

"உனக்குப் பதிலா என்னைய நிக்கச் சொல்லுதாங்க."

உலகம்மாள் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலம்மா." வடிவுக்கு அழுகை வந்தது. "சரின்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா."

"வந்திருந்தா இந்தக் கரண்டியாலயே வாயில போட்டிருப்பேன். மூக்க உறிஞ்சாத, சோத்துல விழுந்திரும்."

வடிவு அழுதபடி சிரித்தாள். உலகம்மாள் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

"ஆமா, ஊருல ஒருத்தன் விடாம எல்லார்ட்டயும் எனக்காகச் சண்ட போட்டுட்டு வந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"உங்கிட்ட என்னத்தக் கேக்கணும்?"

"பாத்தியா. இதயும் நான்தான் சொல்லிக் குடுக்கணுமாக்கும். எனக்கு என்ன வேணும்னு கேக்கணும்."

வடிவு அடித்து வைத்தது போல நின்றாள். பிறகு கேட்டாள். "உனக்கு என்னம்மா வேணும்?"

நல்ல பதில் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாள். நகை, ஓய்வு, தூக்கம், ஒரு தடவையாவது அருவியில் போய் நிற்பது, இப்படி ஏதாவது. உலகம்மாள் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலட்டி," என்றாள். "யோசிக்க விட்டாத்தான தெரியும்? ஒண்ண நெனைக்க ஆரம்பிச்சா கடுகு வெடிச்சிருது. சரின்னு விட்ட இடத்துலருந்து மறுபடி எடுத்தா, அங்க பால் பொங்கிருது. இந்த மைக்கு செட்டு வந்து பேயாட்டம் ஆட்டுதே, இதுக்கு முன்னாடியும் அப்படித்தான். உன்ன உண்டாவுறதுக்கு முன்னாடிலருந்து ஒரே ஒரு நெனப்ப நுனி வரைக்கும் நான் கொண்டு போனதில்ல. எல்லாம் பாதிப் பாதியா மண்டைக்குள்ள கெடக்கு." கொஞ்ச நேரம் கிண்டினாள். பிறகு, "ஏட்டி, என்னைய அந்த மைக்குக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"அடுப்ப விட்டு நகர முடியாதேம்மா."

"அடுப்பு நகரும்லா?"

இப்படித்தான், ஊரில் யாரும் அதற்கு முன்னால் பார்த்திராத ஊர்வலம் புறப்பட்டது. வடிவு எதிர்வீட்டிலிருந்து ஒரு தள்ளுவண்டியைக் கொண்டு வந்தாள். அடுப்பையும் சிலிண்டரையும் அதில் ஏற்றினாள். அடுப்பு நகர உலகம்மாளும் கிண்டிக்கொண்டே கூட நகர்ந்தாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தன் மகனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அவன் சைக்கிள் கேரியரில் அவளுடைய அடுப்பைக் கட்டினான். மாடத்தி விறகடுப்புக்காரி, அவள் எரிகிற கட்டைகளை இரும்புச் சட்டியில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மல்லிகா மேடம் இண்டக்‌ஷன் அடுப்பைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். ஒயர் பின்னால் தரையில் இழுபட்டது, எந்த ப்ளக்கிலும் இல்லை, அடுப்பு சூடாகவே இருந்தது. தெருத் தெருவாக அம்மாக்கள் வெளியே வந்தார்கள், தோசை திருப்பியபடி, அப்பளம் பொரித்தபடி, உருளியைக் கிண்டியபடி, வீங்கிய கைகளோடு, தூங்காத கண்களோடு. சாரல் பெய்தது, ஒரு நெருப்பும் அணையவில்லை. வெளிச்சத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "ஏளா, நீயுமா? நான் எம்மாட்டுக்கு எனக்கு மட்டும்தான் ஏதோ சீக்குன்னுல்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டார்கள். தனித்தனி அடுப்படியில் நின்றதால், எல்லோருக்கும் இதே கதிதான் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

டியூஷன் வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. மாடிப்படி குறுகல். வண்டி ஏறாது. தேவசகாயம் சார் மைக்கை நீண்ட ஒயரோடு கீழே இறக்கினார். அதற்குள் ஆண்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"உலகம்மா மதினி," என்று சங்கரபாண்டியன் கும்பிட்டார். "உங்க காலுல வேணா விழுதேன். முடிச்சிட்டோம்னு மட்டும் சொல்லிராதீங்க. பிள்ளகுட்டி இருக்கு."

"முடிச்சிட்டேன்னு நான் எதுக்குச் சொல்லணும் அண்ணாச்சி? அது ஒங்க வார்த்த. ஒங்களுக்கு ஒரு காரியம் தொடங்குச்சு, முடிஞ்சிச்சு. எனக்கு அப்படி எது இருக்கு?" அவள் வாணலியில் கிண்டிக்கொண்டே மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி வடிவு, யோசிக்கதுக்கு இங்கிலீசுல என்ன?"

வடிவு சொன்னாள். சொல்லிவிட்டு அம்மாவின் காதோரமாக, "எம்மா, அந்த மைக்குல சொன்னா நிக்காது. போயிக்கிட்டே இருக்கும்" என்று எச்சரித்தாள்.

"போவட்டும்," என்றாள் உலகம்மாள்.

வடிவு மைக்கை அவள் வாயருகே பிடித்தாள். தினமும் சாயங்காலம் பால் காய்ச்சியபடி வருடக்கணக்காகக் கேட்ட பிள்ளைகளின் அதே ராகத்தில், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கூச்சத்தோடு, உலகம்மாள் சொன்னாள். "மதர் ஈஸ் திங்கிங்."

ஸ்பீக்கர் கனைத்தது. சுற்றி நின்ற அம்மாக்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள், முதலில் சிரிப்போடு, பிறகு சிரிப்பில்லாமல். மூன்றாவது முறைக்கு உலகம்மாளின் கை விரிந்தது. கரண்டி தார் ரோட்டில் விழுந்து சுழன்று நின்றது. பிறகு தெருவெங்கும் கரண்டிகள் விழுகிற சத்தம். அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்மாக்கள் நின்ற இடத்திலேயே, படிக்கட்டில், சாக்கடை ஓரத்துச் சிமெண்டுச் சுவரில், தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, எதிரே எதையோ பார்த்துக்கொண்டு, யோசிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு ஊர் பயந்தது. வாரக்கணக்கில் சமைத்தபோது எட்டிப் பார்க்காத ஊர், ஒரு சாயங்காலம் யோசித்ததற்குக் கடைகளை இழுத்துச் சாத்தியது. இரண்டு ஜீப் நிறையப் போலீஸ் வந்தது. கொடைக்கு வந்திருந்த பூசாரி திருநீற்றை வாரி வீசினார். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொருத்தியாகப் போய், "என்னம்மா யோசிக்கீங்க? எதுக்கு யோசிக்கீங்க? யார் தூண்டுனா?" என்று கேட்டார். மாடத்தி மட்டும் அவரைக் கால் முதல் தொப்பி வரை நிதானமாகப் பார்த்தாள். அவருக்கு ஏனோ வீட்டு நினைப்பு வந்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் எல்லோரும் வடிவைப் பிடித்தார்கள். நீ படித்தவள், நீதான் சொல்லிக் கொடுத்தாய், உங்கம்மா என்ன யோசிக்கிறாள் என்று நீயே சொல். வடிவு வேகமாக முன்னால் வந்தாள். "எங்கம்மா என்ன யோசிக்கான்னா," என்று தொடங்கினாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவளிடம் பெரிய பெரிய வாக்கியங்கள் இருந்தன, விடுதி மேடையில் சொல்லிப் பரிசு வாங்கியவை. அவற்றில் ஒன்றுகூட அம்மாவுடையது இல்லை. "தெரியாது," என்றாள். "எனக்குத் தெரியாது. கேக்காதீங்க."

பொழுது சாயும்போது அம்மாக்கள் எழுந்து அவரவர் வீட்டுக்கு யோசித்துக்கொண்டே நடந்தார்கள். உலகம்மாள் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். வடிவு வெந்நீர் வைக்கத் தெரியாமல் பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து அவளுடைய வீங்கிய கையில் சுற்றினாள். உலகம்மாள் தடுக்கவில்லை, கவனிக்கவும் இல்லை.

பிரமநாயகம் வெகு நேரம் முற்றத்தில் இங்குமங்கும் நடந்துவிட்டு அருகில் வந்தார். "ஏளா," என்றார், இவ்வளவு மெதுவாக அவர் அவளைக் கூப்பிட்டு வடிவு கேட்டதில்லை. "ராத்திரிக்கு?"

உலகம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. ஒரு மனிதரை முதலிலிருந்து, விட்டுப்போன இடம் எதுவும் இல்லாமல், அடி முதல் நுனி வரை யோசித்துக்கொண்டு போகிற பார்வை. அது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் பிரமநாயகம் மேற்கொண்டு நிற்க மாட்டாமல் அடுப்படிக்குள் போனார். பின்னாலேயே வடிவும் போனாள்.

அரிசியைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தண்ணீர் என்று தகராறு செய்துகொண்டார்கள். பருப்பு கொதித்தது. பிரமநாயகம் அலமாரியில் ஒரு டப்பாவைத் திறந்தார், சீனி. இன்னொன்றைத் திறந்தார், வெந்தயம். "ஏட்டி, உப்பு எதுல இருக்கு?" என்று மகளைக் கேட்டார். வடிவு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினாள். இருபத்துமூன்று வருடம் அந்த அடுப்படியில் சமைத்ததைத் தின்றவள்.

"எம்மா," என்று அங்கிருந்தபடியே கத்தினாள், "உப்பு எங்கம்மா?"

எட்டிப் பார்த்தாள். வாசல்படியில், சாரலுக்கு முகத்தைக் கொடுத்தபடி, உலகம்மாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.